எத்தனையாவது கம்பம்

ஊலு நகரம், மருத்துவமனையின் கீழ்த்தளம்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே இயந்திரங்களுக்கென்று வைத்த குளிரில்
கோட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்,
நானும் ரைமோவும்.

பதினோராவது இரவு.
பகலெல்லாம் எடுத்த எக்ஸ்ரேக்கள்,
விலா, முழங்கால், ஒரு குழந்தை விழுங்கிய நாணயம்,
கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாய் ஓடி
காந்த நாடாவில் போய்ப் படுக்க வேண்டும்.
படுக்க மாட்டேன் என்கின்றன.
இரண்டு மணிக்கு மேல் ஏதோவொரு நிமிடத்தில்
ஒரே ஒரு பொட்டலம் காணாமல் போகும்,
கூடவே ஐந்து மணி நேர வேலையும்.

வட்டு விற்றவர் சொன்னார், குறை எங்களிடம் இல்லை.
நாடா விற்றவர் சொன்னார், எங்களிடமும் இல்லை.
நடுவில் சுவிட்ச் விற்ற பெண்மணி
தொலைபேசியை எடுக்கவே இல்லை.

வட்டுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?
கேட்கவில்லை, மறுபடி சொல் என்னும்.
அதே இடத்தில் அதையே பத்து முறை எழுதினாலும்
எழுத்து ஒன்றுதான்.
நாடா அப்படியல்ல.
எழுதிய கணமே நகர்ந்துவிடும்;
முகவரி கிடையாது அதற்கு, நிற்கும் இடம்தான் உண்டு.

எழுது என்றோம். பதில் இல்லை.
கிணற்றில் போட்ட கல்.
தொலைந்தது நாங்கள் அனுப்பிய முழங்காலா,
எழுதி முடித்து அது அனுப்பிய 'சரி'யா?
முழங்கால் என்றால் திரும்ப அனுப்ப வேண்டும்.
'சரி' என்றால், திரும்ப அனுப்பினால்
ஒரே முழங்கால் இரண்டு முறை பதியும்,
பின்னால் வருவதெல்லாம் ஓர் எலும்பு தள்ளி நிற்கும்.
எதுவென்று தெரியாத சர்வர்
எல்லாவற்றையும் கைவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும்.

தறியில் நாடா போய் வந்தால் துணி.
இங்கே போய் வந்தால் தேய்மானம்.
வரத்து தடுமாறும்போதெல்லாம்
நின்று, பின்வாங்கி, மூச்சு வாங்கி மறுபடி ஓடும்
அந்தக் கிறீச்சொலியை
எக்ஸ்ரே பிரிவின் பைவிக்கி மாடியிலிருந்தே கேட்டாளாம்.
அவளுடைய பல்வலி போல இருந்ததாம்.

பன்னிரண்டாம் இரவு
இழையின் நுனியை ரைமோ நுண்ணோக்கியில் பார்த்தான்.
யாருடையதோ விரல் ரேகை, பாதி.
ஆல்கஹால் தொட்டுத் துடைத்தான்.
பொட்டலங்கள் தொலைவது குறைந்தது. நிற்கவில்லை.
வழி முழுக்கச் சுத்தமாக இருக்கும் என்று
நமக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

ஐந்தேகாலுக்கு அவன் கைபேசியை எடுத்தான்.
ஹைலுவோட்டோ தீவிலிருந்து அவன் மனைவி கைனோ
உறைந்த கடல்மேல் காரோட்டி வேலைக்கு வரும் நேரம்.
பனிச்சாலையில் நிற்கக் கூடாது,
முன்னால் போகும் காரை நெருங்கவும் கூடாது.
கிளம்பினாயா என்று அவன் கேட்கவில்லை,
திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை.
"எத்தனையாவது கம்பம்?"
பனிக்குள் நட்ட கம்பங்களில் ஒன்றின் எண்ணைச் சொல்லிவிட்டு
அவள் வைத்துவிட்டாள்.
அவன் காப்பி ஊற்றப் போனான்.

எனக்குக் காது சுட்டது.
இயக்கியின் அமைப்புகளில், ஏழாவது பக்கத்தில்,
அப்படியொரு கேள்வி இருந்தது:
பதில் வராவிட்டால் பதறாதே,
எதுவரை வந்து சேர்ந்தது என்று கேள்,
சேராததை மட்டும் அனுப்பு.
அக்டோபரில் அதை அணைத்து வைத்தது நான்.
வட்டுகளுக்கு இது எதற்கு என்று நினைத்தேன்.
அப்போது நாடா வந்திருக்கவில்லை
என்பது உண்மைதான்,
வந்த பிறகும் நினைவு வரவில்லை என்பதும்.

பதின்மூன்றாம் இரவு, இரண்டு நாற்பத்தொன்று.
ஒரு பொட்டலம் தொலைந்தது.
சர்வர் கேட்டது. நாடா தன் இடத்தைச் சொன்னது.
விட்டுப்போன துண்டு மட்டும்
இன்னொரு முறை வெளிச்சமாகிப் போனது.
பதிவேட்டில் இரண்டு வரிகள்.
டிரைவின் ஓசை மாறவே இல்லை.

காலையில் அறிக்கை எழுதச் சொன்னார்கள்.
'காரணம்' என்ற கட்டத்தில்
விரல் ரேகை என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அதன் கீழே
என் பெயரையும் எழுதி
அனுப்பினேன்.
இதுவரை பதில் இல்லை.